மலைக்கு எட்டாத ஆட்கொணர்வு மனு

அமிர்திக்கு வார இறுதியில் வேலூர்க் கூட்டம் வந்து போகும். அருவி, வன உயிரியல் பூங்கா, மரநிழல் என்று பகல் முழுக்கக் கலகலப்பாக இருக்கும். அதைத் தாண்டி மேலே ஏறினால் நம்மியம்பட்டு, ஜமுனாமரத்தூர் என ஜவ்வாது மலையின் ஊர்கள் தொடங்கும். சாமை, புளி, தேன், சீத்தாப்பழம் ஆகியவற்றை நம்பி வாழும் மலையாளிப் பழங்குடிகளின் ஊர்கள் இவை. மழை பொய்த்தால் சாமையும் பொய்க்கும். அப்போது ஆண்கள் மேஸ்திரியின் பின்னால் கேரளத்துக்கும் குடகுக்கும் கூலி வேலைக்குப் போவார்கள். சிலர் ஆந்திரத்துக்குச் செம்மரம் வெட்டப் போவார்கள்.

போனவர் திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். கைபேசி அணைந்து கிடக்கிறது. கூட்டிப்போன மேஸ்திரியையும் காணவில்லை. பிடிபட்டாரா, பிடித்தது காவல் துறையா, வனத் துறையா, எந்த மாநிலத்துச் சிறையில் இருக்கிறார், உயிரோடுதான் இருக்கிறாரா? மலையில் உள்ள மனைவிக்கோ தாய்க்கோ இவற்றில் ஒன்றுக்கும் பதில் சொல்ல ஆள் இல்லை. நாளிதழில் கைதுச் செய்தி வந்த பிறகே பல குடும்பங்களுக்கு விவரம் தெரிகிறது.

இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. அதுதான் ஆட்கொணர்வு மனு. அரசமைப்புச் சட்டத்தின் 226ஆவது கூறின்படி உயர் நீதிமன்றத்திலும், 32ஆவது கூறின்படி நேராக உச்ச நீதிமன்றத்திலும் இதைத் தொடுக்கலாம். சிறையில் இருப்பவரே வர வேண்டும் என்பதில்லை. மனைவி, அண்ணன், நண்பர் யாரும் கேட்கலாம். ‘இவரை எந்தச் சட்டத்தின்படி அடைத்து வைத்திருக்கிறீர்கள்?’ என்று நீதிமன்றம் கேட்கும். அரசு பதில் சொல்லியாக வேண்டும். பதில் சட்டத்துக்குள் அடங்காவிட்டால் அடைபட்டவர் அப்போதே விடுதலை ஆக வேண்டும்.

ஏட்டில் இந்த உரிமைக்கு ஒரு குறையும் இல்லை. அமிர்திக்கு மேலே வாழ்கிறவர்களுக்கு மட்டும் அது எட்டுவதில்லை. காலம், மொழி, மாநில எல்லை ஆகிய மூன்றும் குறுக்கே நிற்கின்றன. மூன்றுமே மனிதர்கள் ஏற்படுத்திய தடைகள். நீதிமன்றமும் அரசும் மனம் வைத்தால் இவற்றை நீக்க முடியும். நீக்கியே ஆக வேண்டும்.

வேலூரும் கடலூரும் கண்ட வழக்கு

அமிர்தியிலிருந்து சமவெளிக்கு இறங்கினால் வேலூர் தொரப்பாடியில் மத்திய சிறை இருக்கிறது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் 1941இல் வேலூர்ச் சிறையிலிருந்து தப்பிச் சென்றவர். அப்போது ஆட்சி வெள்ளையருடையது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, சுதந்திர இந்தியாவில், கடலூர்ச் சிறையில் இருந்த அதே கோபாலன் இந்த முறை சட்டத்தின் வழியே வெளியே வர முயன்றார். 1950 ஜனவரி 26இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரே மாதத்தில் தடுப்புக் காவல் சட்டமும் வந்துவிட்டது. மார்ச் 1 அன்று அந்தச் சட்டத்தின்படியான ஆணை கோபாலனின் கையில் கொடுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார்.

1950 மே 19இல் தீர்ப்பு வந்தது. தடுப்புக் காவல் சட்டம் பொதுவாகச் செல்லும் என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார். ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1978இல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்தது. கோபாலனுக்கும் முழுத் தோல்வி இல்லை. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்ற 14ஆவது பிரிவை நீதிபதிகள் ரத்து செய்தார்கள். காரணத்தையே மறைத்துவிட்டால் அரசிடம் எதைக் கேட்பது? சென்னை மாநிலத்துச் சிறை ஒன்றிலிருந்து போன மனுதான் இந்தியா முழுமைக்கும் அந்தப் பாதுகாப்பைப் பெற்றுத் தந்தது.

பிறகு நெருக்கடிநிலை வந்தது. மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்களின் மனுக்களை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்று ஒன்பது உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருந்தன. 1976 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. ஐந்து நீதிபதிகளில் நால்வர், நெருக்கடிநிலையில் யாரும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்றார்கள். எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது. ஜனதா ஆட்சியில் 44ஆவது திருத்தம் வந்தது. உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்குமான உரிமையை நெருக்கடிநிலையிலும் முடக்க முடியாது என்று அது உறுதிசெய்தது. 1976 தீர்ப்பு தவறானது என்று உச்ச நீதிமன்றமே அறிவித்தது 2017இல்தான். இவ்வளவு விலை கொடுத்து மீட்ட உரிமை இது.

அஞ்சலட்டையே மனு

மீட்ட உரிமையை நீதிமன்றங்கள் அகலமாகவும் திறந்து வைத்திருக்கின்றன. திகார் சிறைக் கைதி சுனில் பத்ரா, சக கைதி ஒருவரைச் சிறைக் காவலர் கொடுமைப்படுத்தியதைச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்து விசாரித்தார். தண்டனை பெற்றவர் சிறைச் சுவருக்குள் போகும்போது அடிப்படை உரிமைகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போவதில்லை என்பதை அந்த வழக்கு நிலைநாட்டியது. 1980இல் இச்சு தேவி வழக்கில் நீதிபதி பகவதி இன்னும் தெளிவாகச் சொன்னார்: கைதி எழுதிய ஓர் அஞ்சலட்டை போதும், நீதிமன்றம் இயங்கத் தொடங்கும், காவல் சட்டப்படியானது என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது.

பீகாரின் ருதுல் ஷா 1968இல் கொலை வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டவர். ஆனால் சிறையிலிருந்து வெளியே வந்தது 1982இல். குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்ன பிறகும் பதினான்கு ஆண்டுகள் உள்ளே இருந்தார். அவருக்காகத் தொடுக்கப்பட்ட ஆட்கொணர்வு மனுவில்தான், சட்டவிரோதக் காவலுக்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்று 1983இல் உச்ச நீதிமன்றம் முதன்முறையாக ஆணையிட்டது. தொகை 35,000 ரூபாய். பதினான்கு ஆண்டுகளுக்கு அது ஈடாகாது. ஆனால் அந்தக் கொள்கை இன்றும் நிற்கிறது.

கைதியின் எழுத்து அமெரிக்காவிலும் சட்டத்தை மாற்றியிருக்கிறது. ஃப்ளோரிடா சிறையில் இருந்த கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை, தனக்கு வழக்கறிஞர் கொடுக்காமலே தண்டித்துவிட்டார்கள் என்று முதலில் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அது தள்ளுபடியானதும் 1962இல் சிறைத் தாளில் பென்சிலால் எழுதி நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். வசதியற்றவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் தர வேண்டும் என்ற 1963ஆம் ஆண்டுத் தீர்ப்பு அந்தப் பென்சில் எழுத்திலிருந்து பிறந்தது. மறுவிசாரணையில் கிடியன் விடுதலையானார்.

எங்கே திறக்கும், எங்கே திறக்காது?

ஆட்கொணர்வு மனு எல்லாக் கைதிகளுக்கும் பொருந்தாது. நீதிமன்றமே சிறையில் அடைத்திருந்தால் இந்திய நீதிமன்றங்கள் பொதுவாக இந்த மனுவை ஏற்பதில்லை. விசாகப்பட்டினம் சிறையில் இருந்த நக்சல்பாரித் தலைவர் கானு சன்யாலின் வழக்கிலும் இதுவே நடந்தது. 2023இல் தமிழக அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜியை அமலாக்கத் துறை கைது செய்தபோது, அவர் மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுத்தார். இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளிக்க, மூன்றாவது நீதிபதியிடம் போய், கடைசியில் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. நீதித்துறை நடுவர் காவலுக்கு அனுப்பிய பிறகு இந்த மனு பொதுவாக நிற்காது என்று ஆகஸ்ட் 7இல் தீர்ப்பானது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் வேலூர் பெண்கள் சிறையில் இருந்த நளினி, அமைச்சரவை பரிந்துரைத்த பிறகும் ஆளுநர் முடிவெடுக்காததால் தன் காவல் சட்டவிரோதம் என்று தொடுத்த மனுவும் 2020இல் தள்ளுபடியானது. 2022இல் அவருக்கு விடுதலை கிடைத்தது வேறு வழியில், உச்ச நீதிமன்றத்தின் 142ஆவது கூறு அதிகாரத்தால்.

இந்த இடத்தில் அமெரிக்கச் சட்டம் வேறு வழியில் போயிருக்கிறது. அங்கே மாநில நீதிமன்றம் தண்டித்துச் சிறையில் அடைத்தவர்கூட, விசாரணையில் தன் அரசமைப்பு உரிமை மீறப்பட்டது என்று ஃபெடரல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தொடுக்கலாம். உள்நாட்டுப் போருக்குப் பின், 1867இல் வந்த சட்டம் அந்த வாசலைத் திறந்தது. மாநில நீதிமன்றங்கள் உள்ளூர்ப் பகைக்கும் நிறவெறிக்கும் வளைந்துபோகலாம் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. மாநிலம் தண்டித்து மரண தண்டனைக்குக் காத்திருந்த பலரின் உயிரை இந்த இரண்டாம் பார்வை காப்பாற்றியிருக்கிறது. ஆனால் 1995 ஓக்லஹோமா குண்டுவெடிப்புக்குப் பிறகு, 1996இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதைச் சுருக்கியது. மேல்முறையீடுகள் முடிந்த ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும். இரண்டாம் முறை வருவது மிகக் கடினம். கெடு தவறியதால் உள்ளடக்கம் பார்க்கப்படாமலே கதவு மூடிய வழக்குகள் அங்கே ஏராளம்.

நம் நாட்டில் மாநில நீதிமன்றம், ஃபெடரல் நீதிமன்றம் என்ற இரட்டை அமைப்பு இல்லை. கீழமை நீதிமன்றம் முதல் உச்ச நீதிமன்றம் வரை ஒரே ஏணி. தண்டிக்கப்பட்டவருக்கு மேல்முறையீடு, விசாரணைக் கைதிக்குப் பிணை. நீதிபதி முன் நிறுத்தாமல் வைத்திருக்கும் காவலுக்கும், விசாரணையே இல்லாத தடுப்புக் காவலுக்கும் ஆட்கொணர்வு மனு. ஜவ்வாது மலைக்காரர்களுக்கு இந்தக் கடைசி இரண்டும் நேரலாம்.

ஆணை ரத்தாவதற்குள் பாதித் தண்டனை

தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று எல்லோரும் சொல்வது 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டத்தை. அதன் பட்டியலில் கள்ளச் சாராயக்காரர்கள் உண்டு. வனக் குற்றவாளிகளும் பின்னர் சேர்க்கப்பட்டார்கள். சாராய ஊறல் தேடியும் மரக் கடத்தல் தேடியும் காவல் துறையும் வனத் துறையும் ஏறி இறங்கும் ஜவ்வாது மலைக்கு இந்த இரண்டு சொற்களின் கனம் தெரியும்.

மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ ஆணையிட்டால், விசாரணை இன்றி ஓராண்டு வரை ஒருவரை அடைத்து வைக்கலாம். இதற்குச் சட்டம் கெடுக்களை வைத்திருக்கிறது. ஐந்து நாள்களுக்குள் காரணங்களைத் தர வேண்டும். பன்னிரண்டு நாள்களுக்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும். காவலுக்குக் காரணம் போதுமா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்துக்கு மூன்று வாரங்களுக்குள் அனுப்ப வேண்டும். ஏழு வாரங்களுக்குள் குழுமம் கருத்துச் சொல்ல வேண்டும். அந்தக் குழுமத்தின் முன் வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமை கைதிக்கு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மலைவாசி, நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஆவணக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தனக்காகத் தானே பேச வேண்டும்.

ஆக, மெய்யான பாதுகாப்பு உயர் நீதிமன்றத்து ஆட்கொணர்வு மனுதான். அங்கே ரத்தாகும் குண்டர் ஆணைகள் மிகப் பல. ஆவண நகல் படிக்க முடியவில்லை, மொழிபெயர்ப்பு தரவில்லை, கைதியின் முறையீட்டைப் பரிசீலிக்க அரசு தாமதித்தது, சாதாரணக் குற்றவியல் சட்டமே போதுமாக இருந்தது என்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: சாதாரணச் சட்டத்தால் சமாளிக்க முடியும்போது தடுப்புக் காவலைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். ஆனாலும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரங்களில், தடுப்புக் காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு ஆண்டுக்கு ஆண்டு முன்வரிசையிலேயே இருக்கிறது.

ரத்தாகிறதே, பிறகென்ன என்று கேட்கலாம். கேள்வி எப்போது ரத்தாகிறது என்பதுதான். பதில் மனுவுக்கு அரசு வாய்தா கேட்கும். பட்டியல் நீளும். ஆறு மாதம், ஏழு மாதம் கழித்து ஆணை செல்லாது என்று தீர்ப்பு வரும்போது, செல்லாத ஆணையின்படி ஒருவர் அத்தனை மாதமும் உள்ளே இருந்து முடித்திருப்பார். அவர் வீட்டில் ஒரு சாமைப் போகம் விதைக்காமலே போயிருக்கும். அதற்கு யாரும் இழப்பீடு தருவதில்லை. ஆணையிட்ட அதிகாரியிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

விரைவாக நடக்கவே முடியாது என்றால் பொறுத்துக்கொள்ளலாம். செந்தில் பாலாஜி கைதானது 2023 ஜூன் 14. சென்னையில் இரண்டு சுற்று விசாரணையும் டெல்லியில் இறுதித் தீர்ப்பும் ஆகஸ்ட் 7க்குள் முடிந்தன. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. யூடியூபர் சவுக்கு சங்கர் மீதான குண்டர் ஆணை 2024 மே மாதம் போடப்பட்டது. ஆகஸ்ட் 9இல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இரண்டு வழக்கிலும் நீதிமன்றம் வேகமாக இயங்கியது முற்றிலும் சரி. ஒருவரின் சுதந்திரம் பற்றிய வழக்கு அந்த வேகத்தில்தான் நடக்க வேண்டும். நம்மியம்பட்டுக்காரரின் மனுவுக்கும் அதே வேகம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

தாமதத்தின் கடைசி எல்லை எதுவரை போகும் என்பதை ஈழத் தமிழர்கள் அறிவார்கள். 2009 மே மாதம் முல்லைத்தீவில் ராணுவத்திடம் சரணடைந்த விடுதலைப் புலிகள் இயக்கத்தின் எழிலன் எங்கே என்று கேட்டு, அவர் மனைவி அனந்தி சசிதரன் ஆட்கொணர்வு மனு தொடுத்தார். அவரை ராணுவம் நீதிமன்றத்தில் முன்னிறுத்த வேண்டும் என்று வவுனியா மேல் நீதிமன்றம் உத்தரவிட்டது 2022 டிசம்பரில். சரணடைந்து பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

எல்லையைத் தாண்டினால்

செம்மரம் உலகில் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், பெரும்பாலும் கடப்பை, சித்தூர், நெல்லூர்ப் பகுதிக் காடுகளில். அதை வெட்டிக் கடத்துவது பெருங்குற்றம். அந்தக் காட்டைக் காப்பது ஆந்திர அரசின் கடமை. 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வன அலுவலர்கள் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களுக்கும் நீதி கிடைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த வழக்கில் வளைத்துப் பிடிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில். அவர்களில் இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தமிழகத் தொழிலாளர்கள், ஜவ்வாது மலைக்காரர்கள் பலர் உட்பட. 2016இல் திருப்பதி நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. குற்றம் நிரூபணமாகவில்லை. அதற்குள் பலருக்குச் சிறையில் ஆண்டுகள் போயிருந்தன. கொன்றவர்களும் தண்டிக்கப்படவில்லை. கண்ணில் பட்டவர்களை எல்லாம் அடைப்பது யாருக்கும் நீதி தராது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2015 ஏப்ரல் 7இல் அதே சேஷாசலம் காட்டில் இருபது தமிழர்களை ஆந்திர சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலை, அதன் அடிவாரம், சித்தேரி மலை ஆகிய பகுதிகளைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள் அவர்களில் பெரும்பாலோர். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல் துறை. முந்தைய நாளே பேருந்திலிருந்து இறக்கி அழைத்துச் செல்லப்பட்டார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார்கள். ஒருவரைப் பிடித்த நொடிக்கும் நீதிபதி முன் நிறுத்தும் நொடிக்கும் இடையிலான நேரம்தான் மிக ஆபத்தானது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது கூறு சொல்வது அதற்காகவே. ஆட்கொணர்வு மனு பாய வேண்டியதும் அந்த நேரத்தில்தான். ஆள் பிடிபட்டதே தெரியாத மலையிலிருந்து அது எப்படிப் பாயும்?

தெரிந்தாலும் எந்த நீதிமன்றத்துக்குப் போவது? ஆந்திரச் சிறையில் இருப்பவருக்காக ஆந்திர உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும் என்பது பொது வழக்கம். அது அமராவதியில், அமிர்தியிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. தமிழக எல்லைக்குள்ளிருந்து பிடித்துச் செல்லப்பட்டிருந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தையும் அணுக 226ஆவது கூறில் இடமுண்டு. இதைச் சொல்லித் தர மலையில் யார் இருக்கிறார்கள்?

ஆந்திரத்திலும் 1986ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டம் இருக்கிறது. செம்மர வழக்குகளிலும் அது பாய்கிறது. அப்படி ஓர் ஆணையை எதிர்த்துக் கைதியின் மனைவி தொடுத்த செருகுரி மணி வழக்கில், எடுத்த எடுப்பில் மூன்று மாதத்துக்கு மேல் காவலுக்கு ஆணையிட முடியாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் பேசல நூகராஜு வழக்கில் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டு, ஓராண்டுக் காவலுக்கு ஒரே ஆணை போதும் என்றானது. பாதுகாப்பு இவ்வளவு குறைந்துவிட்ட நிலையில், மனு விரைவாக நீதிமன்றத்தை எட்டுவது இன்னும் அவசியமாகிறது.

மொழியும் இங்கே குறுக்கே வருகிறது. மகாராஷ்டிரத்தில் இந்தி மட்டும் தெரிந்த ஒருவருக்கு ஆங்கிலத்தில் காவல் காரணங்களைக் கொடுத்ததற்காக, 1962இல் ஹரிகிஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. காரணம் கைதிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது அறுபது ஆண்டுகளுக்கும் மேலான சட்டம். தெலுங்கு ஆவணத்தில் பெருவிரல் ரேகை வைக்கச் சொல்லப்படும் தமிழ்த் தொழிலாளிக்கும் அது பொருந்தும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, காலக்கெடு. தடுப்புக் காவலை எதிர்க்கும் மனுவில் அரசு இரண்டு வாரங்களுக்குள் பதில் மனு தர வேண்டும். நீதிமன்றம் இரண்டு மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அறிவுரைக் குழுமத்துக்கு ஏழு வாரக் கெடு வைக்கத் தெரிந்த சட்டத்துக்கு நீதிமன்ற விசாரணைக்கும் ஒரு கெடு வைக்க முடியாதா? சென்னை உயர் நீதிமன்றம் தன் விதிகளிலேயே இதைக் கொண்டுவரலாம். கெடு தவறினால் இடைக்கால விடுதலை தர வேண்டும். சவுக்கு சங்கருக்கு உச்ச நீதிமன்றம் வழங்கிய இடைக்கால நிவாரணம் இதற்கு முன்மாதிரி.

இரண்டாவது, தகவல். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிடியாணையின் பேரில் வேறு மாவட்டத்தில் கைது செய்தால் அவர் வசிக்கும் மாவட்டத்தின் பொறுப்பு அதிகாரிக்கும் உடனே தகவல் தர வேண்டும் என்கிறது. பிடியாணை இல்லாமல் காட்டில் நடக்கும் கைதுகளுக்கும், காவல் துறை, வனத் துறை இரண்டுக்கும் இதை விரிவாக்க வேண்டும். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஒவ்வொரு தகவலும் அன்றே ஊராட்சி வரை போய்ச் சேர ஓர் அலுவலர் பொறுப்பேற்க வேண்டும். தமிழக, ஆந்திர அரசுகள் பேசி ஓர் உடன்பாடு செய்தால் இது ஒரு மாதத்தில் நடக்கும்.

மூன்றாவது, வழக்கறிஞர். 1987ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின்படி பழங்குடியினருக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். ஆந்திரச் சிறைகளின் சட்ட உதவி மையங்களில் தமிழ் தெரிந்த வழக்கறிஞர்கள் தேவை. இரு மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களும் சேர்ந்து அவர்களை நியமிக்கலாம். ஜமுனாமரத்தூரிலும் அமிர்தியிலும் சட்டத் தன்னார்வலர்களாக மலையின் படித்த இளைஞர்களையே பயிற்றுவிக்கலாம்.

நான்காவது, பொறுப்பு. செல்லாது என்று ரத்தாகும் ஒவ்வொரு காவல் ஆணைக்கும், உள்ளே கழிந்த நாள்களைக் கணக்கிட்டு அரசு இழப்பீடு தர வேண்டும். ருதுல் ஷா வழக்கு அந்தக் கொள்கையை 1983இலேயே தந்துவிட்டது. இழப்பீடு அரசின் கணக்கில் ஏறத் தொடங்கினால் ஆணைகளில் கையெழுத்திடும் முன் ஆட்சியர்கள் கோப்பைப் படிப்பார்கள்.

இவை கடத்தலுக்குச் சலுகை ஆகிவிடும் என்று சிலர் அஞ்சலாம். ஆட்கொணர்வு மனு எந்தக் குற்றவாளியையும் வழக்கிலிருந்து விடுவிப்பதில்லை. ஆதாரம் இருந்தால் வழக்கு நடக்கும், தண்டனை கிடைக்கும். ஆதாரத்தைக் காட்டு என்று கேட்பது மட்டுமே அந்த மனுவின் வேலை. அந்தக் கேள்வியால் தளரக்கூடிய காவல், முதலிலேயே நடந்திருக்கக் கூடாது. கூலிக்கு மரம் வெட்டியவரை ஓராண்டு அடைப்பதால் மரத்தை வாங்கிக் கப்பல் ஏற்றியவருக்கு ஒரு நட்டமும் இல்லை. மேஸ்திரிக்கு இன்னொரு மலையில் இன்னொரு கூலியாள் கிடைப்பார்.

மலையில் உள்ளவர்களுக்கும் அவர்களை அறிந்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஒருவர் பிடித்துச் செல்லப்பட்டு 24 மணி நேரத்தில் எங்கே என்று தெரியாவிட்டால் காத்திருக்காதீர்கள். தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணை அழையுங்கள்; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதிக் கொடுங்கள். கடைசியாகப் பார்த்த இடம், நேரம், உடன் இருந்தவர்கள், வந்த வண்டி ஆகிய விவரங்களைக் குறித்து வையுங்கள். உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதினாலும் அது மனுவாக முடியும். அந்தக் கடிதத்தை எழுதும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதற்கு உரிய காலத்தில் பதில் சொல்லும் கடமை அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் இருக்கிறது.